ரத்தான விமானப் பயணம்: கட்டிய பணத்தைக் கேட்டுப் பெறுவது எப்படி?

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 2020 மே மாதம் குடும்பத்தோடு அந்தமான் செல்வதற்காக, ஊரிலுள்ள முகவர் ஒருவரிடம் ஜனவரியிலேயே நான்கு பயணச்சீட்டுகள் எடுத்திருந்தார். பொதுமுடக்கத்தில் விமானம் ரத்தானது. அதன்பின் பல மாதங்கள், "கம்பெனியிலிருந்து இன்னும் வரவில்லை" என்று முகவரும், "முகவரிடம் கேளுங்கள்" என்று விமான நிறுவனமும் அவரை அலைக்கழித்தனர். அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்குக் காரணம் புரிந்தது. பயணியின் கைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் முகவரின் எண் இருந்தது. ரத்துச் செய்தி உட்பட எல்லாத் தகவலும் அந்த எண்ணுக்கே போயிருந்தன.

உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று வழங்கிய தீர்ப்பு அவரைப் போன்றவர்களுக்காகவே வந்தது. உடனே பணம் தர இயலாத நிறுவனங்கள் அதே தொகையை 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தத்தக்க கிரெடிட் ஷெல்லாக, அதாவது பின்னர் பயணச்சீட்டு எடுக்கப் பயன்படும் வரவாக, வைத்திருக்கலாம் என்றும், பயன்படுத்தாத தொகையைப் பின்னர் பணமாகத் தர வேண்டும் என்றும் அது கூறியது. ஆனால் முகவர் வழி எடுத்த சீட்டென்றால் அந்த ஷெல்லையும் அதே முகவர் வழியாகத்தான் பயன்படுத்த முடியும். இடையில் கடையை மூடிவிட்ட முகவரை எங்கே போய்த் தேடுவது?

அந்தக் காலம் முடிந்தது. இன்று நடைமுறையில் இருப்பவை சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பொது விதிகள். முகவரிடமோ இணையதளத்திலோ வாங்கிய சீட்டானாலும், பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சேரும் என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. "முகவரிடம் கேளுங்கள்" என்று சொல்பவரிடம் இந்த விதியை எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். கிரெடிட் ஷெல் வேண்டுமா, பணம் வேண்டுமா என்பதும் பயணியின் விருப்பமே. உங்களைக் கேட்காமல் ஷெல்லில் போட்டால் ஏற்க வேண்டியதில்லை.

பலர் பணத்தை இழப்பது அவசரத்தால்தான். விமானம் ரத்தாகும் என்று செய்தி பரவியதும், நிறுவனம் அறிவிப்பதற்கு முன்பே தாமாகச் சீட்டை ரத்து செய்துவிடுகிறார்கள். அந்த நொடியிலேயே அது பயணி விரும்பிச் செய்த ரத்தாகிவிடுகிறது. கட்டணம் பிடித்த மிச்சம்தான் கைக்கு வரும். நிறுவனமே ரத்து செய்யும்வரை பொறுத்திருந்து, அந்தக் குறுஞ்செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணம்" என்ற பதிலும் அடிக்கடி வரும். அந்தக் காரணம் உண்மையானால் இழப்பீடு கிடைக்காமல் போகலாமே தவிர, சீட்டுப் பணம் உங்களுடையதுதான். நீங்களே பயணத்தைக் கைவிட்டாலும், சலுகை விலையில் வாங்கிய சீட்டானாலும், வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தந்தாக வேண்டும். ரத்துக் கட்டணம் என்று அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் பிடிக்கவும் கூடாது. இதை யாரும் வலிய வந்து சொல்ல மாட்டார்கள்; கேட்டால்தான் கிடைக்கும்.

முன்பதிவின்போது முகவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும்தான் பதியச் சொல்ல வேண்டும்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு பிஎன்ஆர் எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதற்கு ஆதாரம் இருக்காது. பதில் இல்லையென்றால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசுத் தளமான ஏர்சேவாவில் புகாரைப் பதியுங்கள்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு அங்கே கட்டணமும் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும்; "அடுத்த வாரம் வந்துவிடும்" என்று சொல்லியே அந்த இரண்டு ஆண்டுகளையும் கடத்திவிடுவார்கள்.