பீரோவுக்குள் இருக்கும் ஆய்வேட்டை யார் படித்தார்கள்?

உதகையில் ஒரு கல்லூரி நூலகத்தின் பின்னறையில் இரும்பு பீரோ ஒன்று இருக்கிறது. திறந்தால் முதலில் வருவது பூஞ்சை வாடை. பிறகுதான் முனைவர் பட்ட ஆய்வேடுகள் கண்ணில் படும். நீல ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, உள்ளே ஐந்தாறு ஆண்டு உழைப்பு. நெறியாளரையும் தேர்வாளர்களையும் தவிர இவற்றை யாராவது படித்தார்களா என்று கேட்டேன். நூலகர் சிரித்தார்.

விடை தேட ஒரு வழி உண்டு. பின்னால் வந்த ஆய்வுகளின் துணைநூற்பட்டியல்களில் இந்த ஆய்வேடு எத்தனை முறை இடம்பெற்றிருக்கிறது என்று எண்ணுவது. அப்படி இடம்பெறுவதைத்தான் மேற்கோள் என்கிறோம். அமெரிக்க வழக்கறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த வேலையைத் தீர்ப்புகளுக்குச் செய்துவந்தார்கள். அறிவியலுக்கும் அப்படியொரு அட்டவணை வேண்டும் என்று தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்டு 1955இல் எழுதினார்; 1960களில் அது அச்சில் வந்தது. ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கம் பழையதைச் சுட்டும். ஆயிரக்கணக்கான கடைசிப் பக்கங்களைக் கலைத்து மறுபடி அடுக்கினால், பழைய படைப்பை யார் யார் எடுத்தாண்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஆய்வேடு என்று வரும்போது கணக்கு தடுமாறுகிறது. ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்கள் இதழ்களையும் மாநாட்டுக் கட்டுரைகளையும் நூல்களையும் மையமாக வைத்துக் கட்டப்பட்டவை. ஆய்வேட்டை அவற்றில் தேட வேண்டுமானால், மற்றவர்களின் பட்டியல்களுக்குள் புகுந்து ஆசிரியர் பெயரை வைத்துத் துழாவ வேண்டும். அங்கேதான் நம் தலையெழுத்து, அதாவது தலைப்பெழுத்து, குறுக்கே வருகிறது. போ. மாதன் என்று ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போஜன் அவருடைய அப்பா. வெளிநாட்டு இதழின் படிவம் குடும்பப்பெயர் கேட்கும். அவர் அப்பா பெயரை எழுதுவார். ஒரு பட்டியலில் 'மாதன், போ.', இன்னொன்றில் 'போஜன், மா.' ஊரும் அப்படித்தான்: ஊட்டி, உதகை, உதகமண்டலம். கணினிக்கு இரண்டு மாதன்கள், மூன்று ஊர்கள். கையால் உட்கார்ந்து ஒன்றுசேர்க்காவிட்டால் பாதி மேற்கோள் காணாமல் போகும்.

அடுத்த கசிவு இன்னும் பெரியது. ஆய்வேட்டின் நல்ல அத்தியாயங்கள் இதழ்க் கட்டுரைகளாக வெளிவருகின்றன. உதகைக்குப் பக்கத்தில் முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியை வைத்து முனைவர் பட்டம் பெற்றவர்களைப் பாருங்கள்: உலகம் படிப்பது அவர்களுடைய கட்டுரைகளை. மேற்கோளும் அங்கேயே போய்ச் சேரும். பிள்ளைக்குக் கிடைத்த மாலையைத் தாய்க் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. அதனால் கவனமாகச் செய்பவர்கள், பட்டத்துக்குச் சற்று முன்னும் பின்னும் அதே ஆய்வாளர் நெறியாளரோடு எழுதிய கட்டுரைகளைத் தேடி, தலைப்பும் பொருளும் ஒத்துப்போகிறவற்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிக்குப் பிறகு ஆய்வேடுகள், இந்திய ஆய்வேடுகளைத் திரட்டிவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏறத் தொடங்கின. கூகுள் ஸ்காலரில் தேடினாலும் சில மேற்கோள்கள் அகப்படுகின்றன. ஆனால் தோடர், இருளர் வாழ்வைப் பற்றித் தமிழில் எழுதிய ஆய்வேட்டைத் தமிழ் நூல் ஒன்று எடுத்தாண்டால், அந்த நூலின் கடைசிப் பக்கத்தைப் பெரும்பாலான தரவுத்தளங்கள் எட்டியும் பார்ப்பதில்லை. இங்கே சுழியம் என்பது யாரும் படிக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

அதிகப் புகழும் கணக்கைக் கெடுக்கும். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கொடைக்கானலில் கண்டறிந்தார். இன்று 'எவர்ஷெட் விளைவு' என்று எழுதிவிட்டு, மூலக் கட்டுரையைச் சுட்டாமலே தாண்டிப் போகலாம். பெயர் நிலைத்தது, மேற்கோள் கரைந்தது.

இன்னொரு கேள்வி, எத்தனை ஆண்டு எண்ணுவது? ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணி இரண்டே ஆண்டுகளைப் பார்க்கிறது. மருத்துவத்தில் அது பொருந்தலாம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. அதைப் பற்றிய ஆய்வேட்டை இரண்டாம் ஆண்டில் யார் தேடுவார்கள்?

அந்த நூலகத்தில் ஆய்வேடுகளை வெளியே கொடுப்பதில்லை. பார்க்கிறவர்கள் ஒரு நோட்டில் கையெழுத்திட வேண்டும். நூலகர் எடுத்துக் காட்டினார். குறிஞ்சி பற்றிய ஆய்வேட்டுக்குப் பல ஆண்டுகள் ஒரு வரிகூட இல்லை. 2018ஆம் ஆண்டுப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.