தரப்படுத்தப்பட்ட தேர்வா, ஒருசீர்த் தேர்வா?

சட்டப் படிப்பு பற்றிய வழிகாட்டித் தாள் எதை எடுத்தாலும் ஆங்கில ‘ஸ்டாண்டர்டைஸ்டு டெஸ்ட்’ என்பது ‘தரப்படுத்தப்பட்ட தேர்வு’ என்று அச்சாகி வருகிறது. குன்னூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடந்த கூட்டத்தில் கொடுத்த தாளிலும் அதே தொடர்தான். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வுதான் கிளாட். ‘கிளாட் ஒரு தரப்படுத்தப்பட்ட தேர்வு’ என்று படித்துவிட்டு ஒரு மாணவி, “அப்படின்னா நல்ல ஸ்கூல்ல படிச்சவங்க மட்டும்தான் எழுத முடியுமா சார்?” என்று கேட்டாள். அவள் சரியாகத்தான் படித்தாள். எழுதியவர்தான் தப்பாக எழுதியிருக்கிறார்.

ஸ்டாண்டர்ட் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் போர்க்களத்தில் நட்ட கொடி. பிறகு அரசு நிர்ணயித்த எடை, அளவு. தேர்வுக்கு வந்தது இந்த இரண்டாவது பொருள். எல்லோருக்கும் ஒரே வகை வினா, ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை. அமெரிக்கச் சட்டப் பள்ளிகளுக்காக 1948 முதல் நடக்கும் எல்சாட்டில் மதிப்பெண் 120-லிருந்து 180 வரை. எந்த மாதம் எழுதினாலும் 160 என்றால் ஒரே பொருள் தர வேண்டும் என்பதற்காக, வினாத்தாளின் கடினத்தைக் கணக்கில் கொண்டு மதிப்பெண் போடுகிறார்கள். கிளாட் 2008-ல் தொடங்கியது. இளநிலைக்கு இப்போது 120 வினா, இரண்டு மணி நேரம், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு.

இதில் ‘தரம்’ எங்கே வந்தது? தமிழில் தரம் என்றால் உயர்வு தாழ்வு. எங்கள் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சலித்து, பருமனான பிஓபி வேறு, பொடியான டஸ்ட் வேறு என்று தரம் பிரிப்பார்கள். அது பிரிக்கிற வேலை. தேர்வில் நடப்பது எல்லோர் முன்னாலும் ஒரே அளவுகோலை வைப்பது. பிரிப்பது அதற்கு அப்புறம்.

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. மலையகத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. 1970களின் தொடக்கத்தில் அங்கே பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்வழி மாணவர்கள் கூடுதல் கட்-ஆஃப் மதிப்பெண் எடுக்க வேண்டும் என்று ஆக்கினார்களே, அதன் பெயரே தரப்படுத்தல். ஒரே அளவு என்பதற்கு நேர் எதிரான ஒன்றைச் சுட்டி வடுவாக நிற்கும் சொல்லை, அந்த வீட்டுப் பிள்ளை கையில் கொடுக்கும் தாளில் போடலாமா?

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் வேண்டும். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர பிளஸ் டூ மதிப்பெண் போதும். ஒன்று ‘தரப்படுத்தப்பட்ட’ வழி என்றால் மற்றது தரமில்லாத வழி என்றுதானே பெற்றோர் நினைப்பார்கள்? மாநிலம் முழுவதும் ஒரே வினாத்தாளில் நடக்கும் பிளஸ் டூ பொதுத் தேர்வும் ஒருவகையில் இதே இனம்தான்.

சிலர் ‘செந்தரத் தேர்வு’ என்கிறார்கள். அதிலும் தரம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வெறும் ‘நுழைவுத் தேர்வு’ எதற்காக என்பதைச் சொல்கிறது, எப்படி என்பதைச் சொல்லவில்லை. ‘ஒரே சீராக’ என்று தினமும் பேசுகிறோம். அதிலிருந்து ‘ஒருசீர்த் தேர்வு’ என்றால் யாருக்கும் அகராதி வேண்டாம். ஒருசீர் என்பது நியாயம் என்று உறுதியும் தரவில்லை, அதுவும் நல்லதே. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. தமிழ்வழியில் படித்த மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்த ஒரே சீர் மேடாகத்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ‘-படுத்தப்பட்ட’ என்று வால் ஒட்டிவிடுகிறார்கள். மேம்படுத்தப்பட்ட, ஒழுங்குபடுத்தப்பட்ட, தரப்படுத்தப்பட்ட. யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அந்தத் தாளில் இப்படி எழுதியிருக்கலாம்: ‘கிளாட் ஓர் ஒருசீர் நுழைவுத் தேர்வு. நாடு முழுவதும் ஒரே நாளில், ஒரே வினாத்தாள். பிளஸ் டூ படிக்கும் யாரும், எந்தப் பள்ளியாக இருந்தாலும், விண்ணப்பிக்கலாம்.’