மூடிய உறைக்குள் வாயு போகும் வழி

செவிலியர் படிப்பை முடித்து அண்மையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிரிஞ்சின் உறையில், சிறு கட்டத்துக்குள் ‘ஸ்டெரைல்’ (கிருமியற்றது) என்றும் பக்கத்திலேயே ‘ஈஓ’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். கிருமியைக் கொன்றபின் உறையிலிட்டார்களா, உறையிலிட்டபின் கொன்றார்களா, பின்னதுதான் என்றால் நான்கு புறமும் ஒட்டிய உறைக்குள் கிருமியைக் கொல்லும் மருந்து எந்த வழியாகப் போயிற்று என்பது அவர் கேள்வி. இவ்வளவு சரியாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உறையிலிட்டு ஒட்டி, அட்டைப்பெட்டிகளில் அடுக்கிய பிறகுதான் கொல்கிறார்கள். முன்னரே கொன்றுவிட்டால், உறையிடும் கையும் அறைக் காற்றும் மீண்டும் கிருமியைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். நீராவியால் செய்யும் ஆட்டோகிளேவ் முறையைப் பள்ளியிலேயே படித்திருப்போம்: 121 டிகிரி செல்சியஸ், கால்மணி நேரம். பாஸ்டருடன் பணியாற்றிய சார்ல்ஸ் ஷாம்பர்லான் 1879இல் உருவாக்கிய அந்தக் கலம் எஃகுக் கத்தரிக்கோலுக்கும் பருத்தித் துணிக்கும் இன்றும் ஈடற்றது. ஆனால் அந்தச் சூட்டில் பாலிஎத்திலீன் குழாய் இளகிவிடும், பசையால் பொருத்திய லென்சு விடுபடும், மின்சுற்று கெடும். இத்தகைய பொருள்களுக்காகத்தான் மிதமான வெப்பத்தில் வேலை செய்யும் வாயுவைத் தேடினார்கள். உறையில் ‘ஈஓ’ என்று சுருக்கி எழுதப்படுவதும், நம் மருத்துவமனைகளில் ‘ஈடிஓ’ என்று அழைக்கப்படுவதும் எத்திலீன் ஆக்சைடு என்னும் அந்த வாயுவே.

அந்த உறையை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். மறுபக்கம் சற்றே சொரசொரப்பான வெள்ளைத் தாள். கதவு அந்தத் தாள்தான். நெருக்கமாகப் பின்னிய இழைகளின் இடுக்குகள் வழியாக வாயுவின் மூலக்கூறு தடையின்றிப் போய்வரும். அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய பாக்டீரியாவோ வளைந்து நெளிந்து செல்லும் அந்தப் பாதையில் ஏதாவதோர் இழையில் முட்டி ஒட்டிக்கொள்ளும். காற்றுக்குத் திறந்தும் கிருமிக்கு மூடியும் இருக்கும் ஒரு சுவரை வெறும் தாளில் அமைத்துவிட்டார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உள்ளே போன வாயு என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் கதையின் உயிர். 1859இல் பிரெஞ்சு வேதியியலர் சார்ல்ஸ் அடோல்ப் வூர்ட்ஸ் முதன்முதலில் தயாரித்த இந்தச் சேர்மத்தில், இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்து முக்கோண வளையமாக நிற்கின்றன. நான்கு ஒற்றைப் பிணைப்புகள் கொண்ட கார்பன், அவற்றுக்கிடையே ஏறத்தாழ 109 டிகிரி கோணத்தை விரும்பும்; இங்கே அதை 60 டிகிரிக்கு நெருக்கி மடக்கியிருக்கிறது. வளைத்துக் கயிற்றால் கட்டிய பச்சை மூங்கிலைப் போல, மூலக்கூறு முழுவதும் விறைப்பு. எலக்ட்ரான் வளம் மிக்க நைட்ரஜனோ கந்தகமோ ஆக்சிஜனோ அருகில் கிடைத்தால் போதும், வளையம் தெறித்துத் திறந்து அந்த அணுவைப் பற்றிக்கொள்ளும். புரதங்களிலும் டி.என்.ஏ.விலும் இந்த அணுக்களுக்குப் பஞ்சமே இல்லை. பற்றிய இடத்தில் இரண்டு கார்பன் நீளமுள்ள ஒரு வால் நிலையாக ஒட்டிவிடுகிறது. சாவியின் பல்லில் அரக்கு உருகி ஒட்டினால் பூட்டு எப்படித் திறக்காதோ, அப்படியே வால் முளைத்த நொதி தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது; டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான குவானினில் வால் முளைத்தால் மரபுச்செய்தியைச் சரியாகப் படியெடுக்க இயலாது. ஓரிரு இடங்களில் நேர்ந்தால் உயிரி பழுதுபார்த்துக்கொள்ளும். மணிக்கணக்கில் எங்கும் நேர்ந்தால் பிழைக்க வழியில்லை.

கொல்லக் கடினமானவை ஸ்போர்கள். உணவும் நீரும் அற்ற காலத்தில் சில பாக்டீரியாக்கள் தடித்த உறைகளைப் போர்த்திக்கொண்டு, உள்ளிருக்கும் நீரைப் பெருமளவு வெளியேற்றி, விதை போல உறங்குகின்றன. ஈடிஓவின் நுட்பம் இங்கேதான் வெளிப்படுகிறது. நன்கு காய்ந்த ஸ்போரை இந்த வாயுவாலும் எளிதில் கொல்ல முடியாது. சிறிதளவு ஈரம் ஊறி உறைகள் இளகினால்தான் வாயு ஆழம்வரை செல்லவும், வினைபுரியும் இடங்கள் அதற்கு வெளிப்படவும் முடிகிறது. விதையை ஊறவைத்து முளைகட்டுகிறோம். இவர்கள் ஊறவைத்துக் கொல்கிறார்கள். ஆகையால், வாயுவைத் திறப்பதற்கு முன்பே, பெட்டிகளை அடுக்கிய கலத்துக்குள் ஈரப்பதத்தை 40 முதல் 80 விழுக்காட்டுக்குள் கொண்டுவந்து, பொருள்கள் அந்த ஈரத்தை ஏற்கும்வரை காத்திருப்பது முறை. 1949இல் இந்த வாயுவின் கொல்லும் ஆற்றலை முறையாக ஆராய்ந்து வெளியிட்ட சார்ல்ஸ் பிலிப்ஸ், சால் கே ஆகிய அமெரிக்க ஆய்வாளர்களுக்குப் பின் வந்த பணிகளில் ஈரப்பதத்தின் பங்கு அளவுக்கு என்னை ஈர்த்தது வேறில்லை.

மற்றவை நேரடியானவை. 55 டிகிரி அளவில் சூடாக்கிய கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்றில் 3 விழுக்காடு கலந்தாலே இந்த வாயு தீப்பற்றும் என்பதும் அதற்கொரு காரணம். பிறகு வாயுவை விட்டு, சில மணி நேரம் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் போதும் என்பதைக் கணிக்கும் முறை அழகானது. பேசில்லஸ் அட்ரோபேயஸ் என்னும் பாக்டீரியாவின் பத்து லட்சம் ஸ்போர்களைத் தடவிய தாள்பட்டையைச் சரக்கின் நடுவே வைத்து, அத்தனையும் மடிய ஆகும் நேரத்தைக் காண்கிறார்கள். நடைமுறையில் அதைப்போல் இரு மடங்கு நேரம் ஓட்டுகிறார்கள். முதல் பாதியிலேயே பத்து லட்சமும் ஒன்றாகச் சுருங்கிவிட்டதாகக் கொண்டாலும், இரண்டாம் பாதியில் அந்த ஒன்றும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்குதான்.

கிருமியின் டி.என்.ஏ.வைப் பற்றும் மூலக்கூறு நம்முடையதை விட்டுவைக்காது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் எத்திலீன் ஆக்சைடை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பிளாஸ்டிக்கும் ரப்பரும் இந்த வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், கொன்று முடித்தபின் 50 முதல் 60 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் காற்றோட்டம் தர வேண்டும். வாயு வந்த தாள்வழியே வெளியேறுவதும் அப்போதுதான். அவசரப்பட்டு இந்த நேரத்தைக் குறைப்பது நோயாளிக்கும், கலத்தைத் திறக்கும் ஊழியருக்கும் செய்யும் துரோகம். வேலையிடக் காற்றில் இது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது அமெரிக்க விதி. ஆனால் அதன் இனிய மணத்தை நம் மூக்கு உணர நூற்றுக்கணக்கான பங்குகள் வேண்டும். வாசனை தெரியும்போது வரம்பை எப்போதோ தாண்டியிருப்போம்.

மூக்கை நம்பும் பழக்கம் எதிர்த்திசையிலும் தீங்கு செய்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் உள்ளே சென்று பார்த்த ஓர் அறுவை அரங்கில், வயிற்றில் சிறு துளையிட்டு அறுவை செய்ய உதவும் லேப்ராஸ்கோப் கருவிகளை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, நடுவே பார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும் பார்மலின் மாத்திரைகளைப் போட்டு மூடியிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் கொட்டியது. “இந்த எரிச்சலுக்கு எந்தக் கிருமி தாங்கும்?” என்று அங்கிருந்தவர் மனமார நம்பிச் சொன்னார். பார்மால்டிஹைடு கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். எனினும் போதிய ஈரமும் வெப்பமும் இல்லாத பெட்டியில், நீண்ட குறுகிய குழாய்களின் உட்பகுதிவரை அது சரிவரச் சென்று சேர்வதில்லை. பரப்பில் வெண்பொடியாகவும் படியும். சரிவரத் தூய்மைப்படுத்தாத லேப்ராஸ்கோப் கருவிகளால், துளையிட்ட இடத்தில் வாரங்கள் கழித்துக் காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியங்கள் சீழ்க்கட்டிகளை உண்டாக்குவதை நம் நாட்டு அறுவை மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணெரிச்சலைத் தூய்மையின் சான்றாகக் கொள்வதை மூடநம்பிக்கை என்றே நான் சொல்வேன். ஆய்வக மேலங்கி அணிந்திருப்பதால் அது அறிவியலாகிவிடாது.

இதற்கு மாற்று உண்டு. செறிவான ஹைட்ரஜன் பெராக்சைடை வெற்றிடத்தில் ஆவியாக்கிச் செலுத்தினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து, இறுதியில் நீரும் ஆக்சிஜனுமே மிஞ்சும். ஆனால் சாதாரணத் தாளும் பருத்தியும் அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ளும்; மிக நீண்ட குறுகிய குழாய்களுக்குள் செல்வதிலும் அதற்கு வரம்பு உண்டு; இயந்திரத்தின் விலை சிறிய மருத்துவமனைகளுக்கு எட்டாது. 1974இல் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கோபால்ட்-60 கதிரால் மருத்துவப் பொருள்களைத் தூய்மைப்படுத்தும் ‘ஐசோமெட்’ நிலையத்தை அமைத்தது. அப்படிச் செய்துகாட்டிய நாடு, வட்ட மருத்துவமனைக்கும் கட்டுப்படியாகும் பெராக்சைடு கலத்துக்கு ஏன் அதே முனைப்புடன் நிதி ஒதுக்கக் கூடாது என்று கேட்கிறேன்.

வாசகி தம் கடிதத்தின் இறுதியில், ஈரமான உறையைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தார். கூடாது. வாயு முழுவதும் வெளியேறிவிட்டதால் உள்ளே கிருமியைக் கொல்ல எதுவும் மிச்சமில்லை. காவல் இருப்பது அந்தத் தாள் ஒன்றே. அது நனைந்தால் இழைகளுக்கிடையே ஊறும் நீரோடு பாக்டீரியாவும் உள்ளே போய்விடும், காய்ந்தபின் பார்த்தால் உறை பழையபடியே தெரியும்.