கனடா விண்ணப்பத்தில் பழைய விசா மறுப்பை மறைக்காதீர்கள்

கனடா குடிவரவு விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். பெற்றோரை அழைக்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "அம்மா, அப்பாவுக்கு எந்த நாடாவது எப்போதாவது விசா மறுத்திருக்கிறதா?" இல்லை என்று உடனே சொல்வார்கள். கொஞ்சம் பேசிய பிறகு, "சென்னையில் ஒரு தடவை அமெரிக்க விசாவுக்குப் போனார்கள், கிடைக்கவில்லை. அது கனடா இல்லையே?" என்பார்கள்.

படிவம் கேட்பது கனடாவையும் மற்ற எல்லா நாடுகளையும் சேர்த்துத்தான். ரொம்பப் பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளோடு கனடா குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கிறது. அங்கே கொடுத்த கைரேகை இங்கே வந்து பேசும்.

மறுப்பு இருந்தால் "ஆம்" என்று எழுதி, எந்த நாடு, எந்த ஆண்டு, என்ன காரணம் என்று நாலு வரி விளக்கம் கொடுங்கள். மறுக்கப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பித்து விசா வாங்குவது அன்றாடம் நடக்கிறது. மறைத்தது தெரிந்தால் குடிவரவுச் சட்டத்தின் 40ஆவது பிரிவு பாயும். 5 ஆண்டுகள் கனடாவுக்குள் வர முடியாது, அந்தக் காலத்தில் நிரந்தர வதிவிடத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது. பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு தாய்க்கு 5 ஆண்டு என்பது எவ்வளவு பெரிய தண்டனை!

பல வீடுகளில் அந்த "இல்லை"யைப் போடுவது ஏஜென்ட். "சொன்னால் ரிஜெக்ட் ஆகிவிடும்" என்று பயமுறுத்தி, வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார். அப்புறம் மாட்டிக்கொள்வது நீங்கள். அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வழக்கறிஞர்களுக்கும், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் போன்ற சிலருக்கும் மட்டுமே சட்டப்படி அனுமதி உண்டு. உங்கள் பிரதிநிதியாகத் தன் பெயரைப் படிவத்தில் எழுதத் தயங்குபவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

மாணவர் அனுமதியிலும் இதே வலிதான். 2023இல் இந்திய மாணவர்கள் பலருடைய சேர்க்கைக் கடிதம் போலி என்று, அவர்கள் கனடா வந்து சில ஆண்டுகள் ஆன பிறகு தெரியவந்தது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் கடிதம் உண்மைதானா என்று கல்வி நிறுவனத்திடமே குடிவரவுத் துறை கேட்டுச் சரிபார்க்கிறது. நீங்களும் கல்லூரிக்கு நேரடியாக எழுதிக் கேட்டுவிடுங்கள். கியூபெக் தவிர்த்த மாகாணங்களில், தனியாக வரும் மாணவர் 2025 செப்டம்பர் முதல் படிப்புக் கட்டணம், பயணச் செலவு போக 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால், நிலம் விற்றதா, நகைக்கடனா, மாமா கொடுத்ததா என்பதற்குச் சான்று இணையுங்கள்.

குடியுரிமைக்கு வரும்போது பலர் தடுக்கி விழுவது நாள் கணக்கில்தான். விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைக்கும் முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள். அப்படி அதிகபட்சம் 365 நாள்வரை சேரும். கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போனதை எல்லோரும் எழுதுவார்கள், எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவில் இரண்டு நாள் தங்கியதை மறந்துவிடுவார்கள். எல்லையில் நீங்கள் போனதும் வந்ததும் பதிவாகிறது. 1,095ஐத் தொட்டதும் ஓடாமல், சில வாரங்கள் கூடுதலாக வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைப் பின்னாளில் பறிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

சரி, ஏற்கெனவே தவறாக எழுதி அனுப்பிவிட்டீர்களா? முடிவு வரும் முன், குடிவரவுத் துறையின் இணையப் படிவம் வழியாக நீங்களே எழுதித் திருத்துங்கள். அவர்களே கண்டுபிடித்து விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருந்தால், பதிலுக்குத் தரும் அவகாசம் குறைவு. தன்னிச்சையாகப் பதில் எழுதாமல், அன்றே உரிமம் உள்ள ஒருவரிடம் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோங்கள்.