கொள்ளிடத்தைத் தாண்டினால் பெரம்பலூர்: ஒரு தொகுதியின் எல்லை உருவாகும் கணக்கு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து சமயபுரம் போகும் பேருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கம் தீவைக் கடந்து, கொள்ளிடம் பாலத்தில் ஏறும். மறுகரையில் நெ.1 டோல்கேட். அதுவும் திருச்சி மாவட்டம்தான். அங்கே இருப்பவர்கள் வேலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருவது திருச்சிக்குத்தான். ஆனால் மக்களவைத் தேர்தல் வந்தால் அவர்கள் பெரம்பலூர் தொகுதி வாக்காளர்கள். அதே நேரம், தஞ்சாவூருக்குப் பக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிற கந்தர்வகோட்டைக்காரர்கள் திருச்சி எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பெரம்பலூர் தொகுதியின் கதை இன்னும் வியப்பானது. அதில் உள்ள ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நான்கும் திருச்சி மாவட்டம். குளித்தலை கரூர் மாவட்டம். பெரம்பலூர் மாவட்டத்துக்கு மிஞ்சியது பெரம்பலூர் ஒன்றுதான்.

இதை வெறும் அரசியல் சூழ்ச்சி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும்.

இப்போதைய எல்லைகளை வரைந்தது, 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த தொகுதி மறுவரையறை ஆணையம். அதன் வரைபடம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. ஆணையத்தோடு எம்.பி., எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க முடியாது. ஆணையம் இறுதி உத்தரவு போட்டபின் நீதிமன்றத்தில் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

தமிழ்நாட்டுக்கு மக்களவை இடங்கள் 39, சட்டமன்ற இடங்கள் 234. வகுத்தால் சரியாக ஆறு. ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஆறு சட்டமன்றத் தொகுதிகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு மக்களவைத் தொகுதி. 2001 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை சுமார் 6 கோடியே 24 லட்சம். அதன்படி ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரி 2.67 லட்சம் பேர், மக்களவைத் தொகுதிக்கு 16 லட்சம் பேர்.

இப்போது திருச்சிக்கு வருவோம். 2001-இல் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 7.5 லட்சம். மூன்று சட்டமன்றத் தொகுதிக்குக்கூடக் கொஞ்சம் குறைகிறது. நகரத் தொகுதி என்று நாம் சொல்கிற திருச்சியில் பாதிக்கு மேல் நகரத்துக்கு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். எந்தத் திசையிலிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

பழைய வரைபடம் வடக்கே போனது. 2004 தேர்தல் வரை முசிறி, லால்குடி, ஸ்ரீரங்கம், திருச்சி 1, திருச்சி 2, திருவெறும்பூர் ஆகிய ஆறும் சேர்ந்ததுதான் திருச்சி. புதிய வரைபடம் கொள்ளிடத்தில் நின்றுகொண்டு, தெற்கே இறங்கிவிட்டது. ஸ்ரீரங்கம், திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, திருவெறும்பூர் ஆகியவற்றோடு புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் சேர்ந்தன.

ஏன் தெற்கே? மாவட்டக் கணக்கைப் பார்க்க வேண்டும். முதலில் மாவட்டங்களுக்குச் சட்டமன்ற இடங்கள் பங்கிடப்படுகின்றன. திருச்சி மாவட்டம் 24.18 லட்சம், 2.67-ஆல் வகுத்தால் 9. தஞ்சாவூர் 22.16 லட்சம்; 8. திருவாரூருக்கு 4, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு 6, புதுக்கோட்டைக்கு 6. ஆறின் மடங்காக இல்லாத மாவட்டம் ஒன்று பக்கத்து மாவட்டத்திடம் வாங்க வேண்டும், இல்லை கொடுக்க வேண்டும். தஞ்சாவூர் தன் எட்டில் ஐந்தை வைத்துக்கொண்டு திருவாரூரிடம் மன்னார்குடியை வாங்கியது. கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் மூன்றையும் மயிலாடுதுறைத் தொகுதிக்குக் கொடுத்தது. 1952 முதல் 1971 வரை தன் பெயரிலேயே மக்களவைத் தொகுதி வைத்திருந்த ஊர் கும்பகோணம்.

புதுக்கோட்டையில்தான் மனசு கனக்கிறது. அந்த மாவட்டத்துக்குச் சரியாக ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மக்கள்தொகை 14.6 லட்சம், சராசரியைவிட ஏறத்தாழ 9 சதவீதம்தான் குறைவு. அப்படியே ஒரு மக்களவைத் தொகுதியாக விட்டிருக்கலாம். ஆனால் தெற்கே சிவகங்கை மாவட்டத்தில் நான்கு, ராமநாதபுரத்தில் நான்கு. வடக்கே பெரம்பலூருக்கு நான்கும் கரூருக்கு மணப்பாறையும் போனபின் திருச்சியில் மிச்சம் நான்கு. கரூரும் ஆறு நிறையாமல் நின்றது. ஒவ்வொன்றுக்கும் பற்றாக்குறை, நடுவில் அகப்பட்டது புதுக்கோட்டை. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு, புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு. ஒரு மாவட்டம் நான்கு எம்.பி.க்களுக்குப் பிரிந்தது, மக்களவைத் தொகுதி என்ற பெயரே போனது. ஆறு, மலை போன்ற இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்களின் வசதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. புதுக்கோட்டையில் இவை எண்ணிக்கைக்குப் பின்னால் தள்ளப்பட்டன என்பதே என் எண்ணம். தொகுதியைத் திரும்பக் கேட்கும் குரல் அங்கே எழுவதில் நியாயம் இருக்கிறது.

எல்லைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது முடிவைத் தொடும். பொன்மலை ரயில்வே பணிமனையும், பிறகு திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையும் உள்ள திருச்சி, தொழிலாளர் ஊர். ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் கே. அனந்த நம்பியார் 1962-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலும் 1967-இல் மார்க்சிஸ்ட் கட்சியிலும் வென்றார். 1971, 1977 இரண்டிலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். கல்யாணசுந்தரம். பிறகு 1984 முதல் நான்கு முறை அடைக்கலராஜ், முதலில் காங்கிரஸ் சார்பில், கடைசியாக 1996-இல் தமிழ் மாநிலக் காங்கிரஸ் (த.மா.கா.) சார்பில். 1998, 1999-இல் ரங்கராஜன் குமாரமங்கலம் பா.ஜ.க.வுக்கு வென்றார், அவர் மறைவால் 2001-இல் இடைத்தேர்தல் வந்தது. இடதுசாரியிலிருந்து பா.ஜ.க. வரை எல்லாரையும் அனுப்பிப் பார்த்த ஊர் இது.

புதிய வரைபடத்தில் முதல் தேர்தல் 2009. அ.தி.மு.க.வின் ப. குமார், காங்கிரசின் சாருபாலா தொண்டைமானை 4,335 வாக்குகளில் வென்றார். ஒரு சட்டமன்றத் தொகுதியில் ஒரு மூலை சாய்ந்தாலே புரண்டுவிடும் வித்தியாசம். லால்குடியும் முசிறியும் உள்ளே இருந்து, புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் வெளியே இருந்திருந்தால் முடிவு என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு நெருக்கமான போட்டியில் கோடு போட்ட இடமும் ஒரு வாக்காளர் மாதிரிதான்.

அப்புறம் இந்தக் கோடுகள் உறைந்துபோய் நிற்கின்றன. 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. தொகுதி எல்லை ஒரு அங்குலம் நகரவில்லை. மாநிலத்துக்கு எத்தனை மக்களவை இடங்கள் என்பது 1971 கணக்கிலேயே நிற்கிறது. உள்ளே போட்ட கோடுகள் 2001 கணக்கில் நிற்கின்றன. 2002-இல் நடைமுறைக்கு வந்த 84-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 2026-க்குப் பிறகான முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை இந்த உறைநிலையை நீட்டித்தது.

234 என்ற எண்ணிக்கையை மாற்றாமல், 2011 கணக்கை வைத்து அதே வகுத்தலைச் செய்து பார்த்தேன். சராசரி 3.08 லட்சமாக ஏறுகிறது. திருச்சி மாவட்டத்துக்கு 8.8, தஞ்சாவூருக்கு 7.8, திருவாரூருக்கு 4.1, இவை மாறவில்லை. மயிலாடுதுறையையும் சேர்த்த பழைய நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு 5.2, புதுக்கோட்டைக்கும் 5.2. இரண்டும் ஆறிலிருந்து ஐந்தாக இறங்கும் நிலை. மறுபுறம், சென்னையை ஒட்டிய பழைய காஞ்சிபுரம் மாவட்டம் பதினொன்றிலிருந்து பதின்மூன்றாக ஏறுகிறது.