விடியப் பார்த்தால் பூனை எழும்பவில்லை

இரவு மீன்சோறு தின்ற பூனை, விடியப் பார்த்தால் சுருண்டு கிடக்கிறது. வாயால் வீணி வடிகிறது. வன்னியில் இதற்குக் காரணம் புடையன் பாம்பின் கடியாக இருக்கலாம், வயலுக்கு அடித்த கிருமிநாசினியாக இருக்கலாம், வீட்டார் பரிவோடு கொடுத்த பனடோலாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே காரணம் பிடிபடும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வெறுங்கையால் வாயைத் தொடவும் வேண்டாம். விசர் நோயிலும் வீணி வடியும். கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூனை சாதுவாக இருந்தால் கையுறை போட்டு மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்புத்தான் சரியான நிறம். விரலால் அழுத்தி விட்டால் 2 செக்கனுக்குள் சிவப்பு திரும்பவேண்டும். பிந்தினால் இரத்தவோட்டம் தளர்ந்துவிட்டது. முரசு மண்ணிறமாகி, முகமும் முன்கால்களும் வீங்கியிருந்தால் பனடோலில் உள்ள பரசிற்றமோலைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். அந்த மருந்தைக் கட்டி வெளியேற்றும் நொதியம் மனித ஈரலில் தாராளமாக உண்டு, பூனையின் ஈரலில் மிகக் குறைவு. வெளியேறாமல் எஞ்சுவது நஞ்சாக மாறி, ஒட்சிசன் சுமக்க முடியாதபடி ஈமோகுளோபினைக் கெடுத்துவிடுகிறது. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்.

கண்மணியும் நிறையச் சொல்லும். நிழலிலும் அது ஊசிமுனையாய்ச் சுருங்கி, தசைகள் துடித்து, கழிச்சலும் போனால், வரம்பில் நனைந்த மயிரை நக்கியதால் கிருமிநாசினி உள்ளே போயிருக்கக்கூடும். அதற்கு அத்ரோப்பின் ஊசி. கண்மணி விரிந்து, வீக்கமே இல்லாமல் கால்கள் சோர்ந்தால் கட்டுவிரியனை நினைக்கவேண்டும்.

புடையனைக் கண்டுபிடிக்க மிருக வைத்தியருக்கு ஒரு கண்ணாடிக் குழாய் போதும். நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சரித்துப் பார்ப்பார். நல்ல இரத்தம் கட்டியாகி நிற்கும். புடையன் தீண்டிய இரத்தம் தண்ணீராய் ஓடும். உறைதலை நஞ்சு உடம்பெங்கும் தட்டிவிட்டு, இரத்தத்தை உறையவைக்கும் புரதமான பைபிரினோசனைத் தீர்த்துவிட்டிருக்கும். கண்ணாடியின் மேற்பரப்புத்தான் உறைதலைத் தொடக்கிவைப்பது. பிளாஸ்ரிக் குழாயோ சவர்க்காரத்தில் கழுவிய குழாயோ என்றால் நோயில்லாத இரத்தமும் உறையாமல் நின்று ஆளை ஏமாற்றும்.

இந்தச் சோதனை தனியே முடிவு சொல்லாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வகை எலிப்பாசாணமும் இதே விடையைத் தரலாம். அதில் கடிவாய் வீக்கம் இருக்காது. தின்று சில நாள் கழிந்தே இரத்தம் கசியும். பாம்பு நஞ்சு முறிமருந்து அங்கே உதவாது, வாரக்கணக்கில் விற்றமின் கே1 கொடுக்கவேண்டும். அறுவடைக் காலத்தில் எலிக்கு என்ன வைத்தீர்கள் என்று வைத்தியர் கேட்டால் மறைக்காதீர்கள், தயவுசெய்து.

கடுவன் பூனை மணலில் திரும்பத் திரும்பக் குந்தி முனகினால் மலச்சிக்கல் என்று பேதி மருந்து கொடுப்பவர்கள் பலர். பெரும்பாலும் அடைத்திருப்பது சலப்பாதை. அடிவயிற்றில் சலப்பை தேசிக்காய்போல் இறுகித் தட்டுப்படும், அமுக்கினால் வெடிக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் மந்தமாகும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும், அன்றைக்கே வழி திறக்கவேண்டும்.

உடல் வெப்பம் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ்வரை வழமையானது. உறங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் நெஞ்சில் கோளாறு இருக்கலாம்.

முல்லைத்தீவின் உட்கிராமங்களிலிருந்து பயணம் நீளும். புறப்படமுன் வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, காற்றுத் துளையிட்ட பெட்டியில் சாரத்தை விரித்துப் பூனையைக் கிடத்துங்கள். கடைசியாகத் தின்ற நேரம், சலம் போன நேரம் இரண்டையும் எழுதுங்கள். சத்தியைச் சிறு போத்தலில் எடுத்து, கிருமிநாசினி லேபிளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.