அணைத்த பிறகும் ஓடும் வைப்பர்

லேண்ட் ரோவர் சீரீஸ் 3 வண்டி ஒன்றை வாங்கிச் செப்பனிட்டுவரும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “வைப்பர் சுவிட்ச் கெட்டுவிட்டதால், கடையில் கிடைத்த சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் ஒன்றை மாட்டினேன். வைப்பர் ஓடுகிறது. ஆனால் அணைத்தால் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?”

வேண்டாம். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வண்டியின் வைப்பரை அணைப்பது என்பது மின்சாரத்தைத் துண்டிப்பது அன்று. துண்டிக்கும் வேலையை மோட்டாரிடமே ஒப்படைப்பது. சாதாரண சுவிட்சுக்கு அந்த ஏற்பாடு தெரியாது.

1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் தொடக்கக் கால வண்டிகளில், முன்கண்ணாடிச் சட்டத்திலேயே சிறு மோட்டார் இருந்தது. ஓட்டுநர்தான் வைப்பரைக் கையால் ஓரத்துக்குத் தள்ளி வைப்பார். 1971 முதல் 1985 வரை வெளிவந்த சீரீஸ் 3-இல் லூக்காஸ் நிறுவனத்தின் 14டபிள்யூ வகை மோட்டார் ஒன்றே இரண்டு வைப்பர்களையும் இயக்கியது. மோட்டாரின் வேகத்தை வார்ம் கியர், அதாவது திருகு ஒன்று பற்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு, குறைக்கிறது. பற்சக்கரத்தோடு இணைந்த தண்டு, குழாய்க்குள் இருக்கும் திருகுக் கம்பியை முன்னும் பின்னும் இழுக்கிறது. அந்தக் கம்பி வைப்பர் அச்சுகளிலுள்ள சிறு பற்சக்கரங்களை இடமும் வலமும் திருப்புகிறது. பற்சக்கரம் ஒரு முறை சுற்றினால் வைப்பர் ஒரு முறை போய்த் திரும்புகிறது.

மோட்டாரிலிருந்து ஐந்து வயர்கள் வருகின்றன. பச்சை வயர், சாவியைத் திருப்பியதும் ஃப்யூஸ் வழியாக வரும் 12 வோல்ட். கறுப்பு, எர்த்; அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. சிவப்பில் இளம்பச்சைக் கோடு போட்டது மெதுவான ஓட்டத்துக்கு. நீலத்தில் இளம்பச்சைக் கோடு போட்டது விரைவான ஓட்டத்துக்கு. விரைவு ஓட்டத்துக்கு மூன்றாவதாக ஒரு கார்பன் பிரஷ் (சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) சற்றே விலகி அமைந்திருக்கிறது. அதன் வழியே மின்சாரம் நுழைந்தால் ஆர்மேச்சர் எனப்படும் சுழலும் பகுதியின் சுருள்களில், சுழற்சியாலேயே உண்டாகி, வரும் மின்சாரத்தைத் தடுக்கும் எதிர் மின்னழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டியிருக்கிறது. பற்சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 50 சுற்றிலிருந்து 65 சுற்றுக்கு உயர்வது இப்படித்தான்.

இனி ஐந்தாவது வயருக்கு வருவோம். பழுப்பில் இளம்பச்சைக் கோடு போட்ட இந்த வயரின் வேலையை முதன்முறை புரிந்துகொண்ட நாளில், கழற்றிய மோட்டாரை மூட மனமில்லாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கியர்ப் பெட்டிக்குள் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. பற்சக்கரத்திலுள்ள மேடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு முறை, வைப்பர் கண்ணாடியின் அடியோரத்தை எட்டும் நேரத்தில், அதைத் தட்டுகிறது. மற்ற நேரமெல்லாம் பழுப்பு வயர் பச்சையோடு இணைந்திருக்கும். தட்டும் கணத்தில் மட்டும் பச்சையை விட்டுக் கறுப்புக்குத் தாவும்.

அசல் டாஷ்போர்டு சுவிட்சை ஆஃப் நிலைக்குத் திருப்பும்போது, அது பழுப்பையும் சிவப்பையும் ஒன்றாக இணைக்கிறது. வைப்பர் கண்ணாடியின் நடுவில் இருந்தால், பச்சையிலிருந்து பழுப்புக்கும், பழுப்பிலிருந்து சிவப்புக்குமாக மின்சாரம் சுற்றுவழியில் மோட்டாரை வந்தடைகிறது. ஓட்டுநர் அணைத்துவிட்டார், மோட்டார் தொடர்ந்து ஓடுகிறது. வைப்பர் ஓரத்தை எட்டியதும் மேடு சுவிட்சைத் தட்ட, மின்சாரம் அற்றுப்போகிறது.

அற்றுப்போனால் மட்டும் போதாது. வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஆர்மேச்சர் அந்த வேகத்திலேயே மேட்டைக் கடந்துவிட்டால், பழுப்பு வயர் மறுபடியும் பச்சையைத் தொட்டு, வைப்பர் இன்னொரு சுற்றுப் போய்விடும். அதனால்தான் பழுப்பு வயர் வெறுமனே விடுபடாமல் எர்த்துக்குத் தாவுகிறது. அப்போது மோட்டாரின் இரு முனைகளும் எர்த்தில் இணைந்து குறுக்குச்சுற்று ஆகின்றன. உள்ளே இருப்பவை நிலைக்காந்தங்கள். மின்சாரம் போனாலும் காந்தப்புலம் போவதில்லை. காந்தங்களுக்கிடையே சுழலும் சுருள் அக்கணமே ஜெனரேட்டராகிவிடுகிறது. அது உண்டாக்கும் மின்னோட்டம் குறுக்குச்சுற்றில் தாராளமாகப் பாய்ந்து, லென்ஸ் விதிப்படி, தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கிறது. பிரேக் கட்டையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. மோட்டார் தன் இயக்க ஆற்றலைச் சுருளில் வெப்பமாகக் கரைத்துவிட்டுச் சட்டென நிற்கிறது.

இதைக் கையால் உணர பொம்மைக் காரின் மோட்டார் ஒன்று போதும். அச்சை விரல்களால் சுண்டிவிடுங்கள். சற்று நேரம் சுழலும். பிறகு இரு வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுண்டுங்கள். தேனுக்குள் சுழல்வதுபோல விரல் நுனியில் ஒரு கனம் தெரியும். லென்ஸ் விதியை வரையறையாக எழுதி மதிப்பெண் வாங்கிய எத்தனையோ மாணவர்கள் அந்தக் கனத்தை ஒரு முறைகூட உணர்ந்ததில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். விலை உயர்ந்த கருவிகளுக்கு நிதி கேட்டுக் காத்திருக்கும் பள்ளி ஆய்வகங்கள், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் வைப்பர் மோட்டார் ஒன்றைத் திறந்து மேசையில் வைத்தால் ஒரு பாட வேளை நிறைந்துவிடும்.

வாசகர் தம் கடிதத்தில், ‘கைராசியுள்ள எலக்ட்ரீஷியன்’ ஒருவரைப் பார்க்கும்படி நண்பர்கள் சொன்னதாகவும் எழுதியிருந்தார். கைராசி என்று எதுவும் இல்லை. அந்த எலக்ட்ரீஷியன் ஐந்தாவது வயரைப் புரிந்துகொண்டவராக இருப்பார். அந்தப் பெருமையை அவருடைய அறிவுக்குக் கொடுப்பதே முறை.

வாசகருக்குத் தேவை, வைப்பருக்கென்றே செய்யப்பட்ட இருவேகச் சுவிட்ச். மாட்டும் முன் மல்டிமீட்டரால் சோதித்துக்கொள்ள வேண்டும்: ஆஃப் நிலையில் பழுப்பும் சிவப்பும் இணைந்திருக்க வேண்டும், மெதுவான நிலையில் பச்சையும் சிவப்பும், விரைவு நிலையில் பச்சையும் நீலமும். சிலர் சுருக்குவழியாகப் பழுப்பையும் சிவப்பையும் நிரந்தரமாக முறுக்கிவிட்டு, பழைய ஆன்-ஆஃப் சுவிட்சையே வைத்துக்கொள்வார்கள். அதைச் செய்யவே கூடாது. சுவிட்ச் போட்டிருக்கும்போது சிவப்பில் 12 வோல்ட் இருக்கும். வைப்பர் ஓரத்தைத் தொட்டதும் பழுப்பு எர்த்துக்குத் தாவும். பேட்டரி நேராக எர்த்தோடு மோதி ஃப்யூஸ் எரிந்துவிடும்.

சரியான சுவிட்சைப் பொருத்திய பின்னும், கண்ணாடி காய்ந்திருக்கும்போது ஒழுங்காக நின்று, மழையில் மட்டும் ஓரத்தைத் தாண்டித் தாண்டி ஓடினால், அந்தக் குறுக்குச்சுற்று சரியாக அமையவில்லை என்று பொருள்; பழுப்பு வயர் எர்த்துக்குத் தாவும் இணைப்பைப் பாருங்கள். காய்ந்த கண்ணாடியின் உராய்வு பிரேக்கின் வேலையைச் செய்துவந்திருக்கும். ஈரம் அந்த உதவியை எடுத்துவிடுகிறது. அந்த இணைப்பிலுள்ள துருவைச் சுரண்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வைப்பர் கைகளைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். முதலில் அவை இல்லாமல் மோட்டாரை ஓட்டி அணைத்து, அது தானாக நிற்கும் இடத்துக்கு வரவிட்டு, அதன் பிறகு கண்ணாடியின் அடியோரத்தில் படியுமாறு கைகளை அச்சுகளில் அழுத்தி மாட்டுங்கள்.